கூலிங் கிளாஸ் போட்ட கல்

தம்பி பைக்கோடு லாரியில் மோதிச் செத்தபோது அவன் போனும் நொறுங்கிப்போனது. மிஞ்சிய ஒரே நல்ல படம், என் மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் என்று அடித்த ஃபிளக்ஸில் இருந்தது. அதில் ஸ்டுடியோக்காரன் அவனுக்குக் கூலிங் கிளாஸ் ஒட்டிவிட்டிருந்தான்.

"அதுலதான் எம்புள்ள ராசாவாட்டம் இருக்கான்" என்று அம்மா சமாதிக் கல்லுக்கு அதையே கொடுக்கச் சொன்னாள்.

காளவாசல் கடையில் கறுப்புக் கிரானைட்டில் லேசரால் படம் பொறித்தார்கள். கடைக்காரர் உற்சாகமாக விளக்கினார்.

"சிதறாம ஒரே நேரா வர்ற வெளிச்சம்க்கா. லென்சு அத ஊசிமுனையாட்டம் குவிச்சிரும். அந்தச் சூட்டுல கல்லோட பளபளப்பு பொரிஞ்சு வெள்ளப் புள்ளி விழுகும். படத்துல கறுப்பா இருக்க எடத்த லேசர் தொடாது."

அவர் வாயை அடைக்க வேண்டும்போல இருந்தது எனக்கு. புள்ளி புள்ளியாக மூக்கும் மீசையும் சிரிப்பும் வந்தன. கூலிங் கிளாஸ் மட்டும் வெறும் கல்லாகவே பளபளத்தது.

தோட்டத்தில் அவனைப் புதைத்த இடத்தில் கல்லை நட்டோம். அம்மா அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"கண்ணக் காட்டுப்பா" என்றாள்.

அந்த இரண்டு கறுப்பிலும் தெரிந்தவை அவள் கண்கள்தான்.