இடது ஓரத்துச் சிவப்பு நாடா

பக்கவாதம் என் வீட்டுக்காரருக்குக் கையையும் காலையும் விட்டுவைத்தது. இரண்டு கண்ணிலும் இடது பாதிப் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. கண்ணில் கோளாறு இல்லை, மூளையில்தான் என்றார்கள். தட்டின் இடது பக்கம் மீனைக் கிடக்கவிட்டு, "ஏட்டி, இண்ணைக்கு மீன் இல்லியா?" என்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வேதாகமத்தை எடுத்து ஒவ்வொரு வரியையும் பாதியிலிருந்து வாசித்தாரே, அதைத்தான் காதால் கேட்க முடியவில்லை.

கருங்கல் பக்கத்தில் எங்கள் சபை. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர்களின் பட்டியலை மாதாமாதம் வாசல் பலகையில் ஒட்டுவார்கள். முப்பது வருஷமாக அதில் அவர் பேர் இல்லாத மாதம் கிடையாது. இன்னும் ஒரே ஒரு தடவை அங்கே நின்று வாசித்துவிட வேண்டும். மனிதர் வேறு எதுவும் கேட்கவில்லை.

வளைகுடாவிலிருந்து மகன் பெரிய எழுத்து வேதாகமம் அனுப்பினான். நல்ல கூத்து! எழுத்து பெருத்ததும் பார்வைக்குள் அடங்கும் வார்த்தை குறைந்து, இன்னும் திணறினார். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பார்வைப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் பழைய புத்தகத்தையே எடுக்கச் சொன்னாள். இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டினோம். சிவப்பு கண்ணில் பட்ட பிறகுதான் வரியைத் தொடங்க வேண்டும்.

"ஒண்ணு காணலேன்னா அது இல்லேன்னு நினைக்காதீங்கப்பா. தலைய இடது பக்கம் திருப்பித் தேடுங்க" என்றாள்.

நான் அதையே அதட்டலாக்கினேன். "இடது பக்கம் தேடுங்க! எத்தன வட்டம் சொல்லணும்?" நாலு மாதம் கத்தினேன். அவரும் விரலை நாடாவில் வைத்து, மெதுவாக, முழு வரி வாசிக்கப் பழகிவிட்டார். அடுத்த மாதம் பேர் போடுகிறேன் என்று போதகர் சொன்னதும் சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பத்து வசனம் வாசிக்கக் கால் மணி நேரம் எடுத்தார். "பாவம், எப்பிடி இருந்த மனுசன்" என்று ஒருத்தி உச்சுக்கொட்டினாள். இன்னொருத்தி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். என் மானம் கப்பலேறியது. சபை முழுக்க இவர்களைப் போல உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்குமே என்று நினைத்தாலே உடம்பு கூசியது.

மறுநாள் போதகர் வீட்டுக்குப் போனேன். "அவருக்க பேரப் போடாதிங்க, ஐயா. நான் சொன்னதா அவருக்குத் தெரியண்டாம்."

புதுப் பட்டியல் ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை கஞ்சி போட்ட சட்டையோடு எனக்கு முன்னால் நடந்தார். சபை வாசல் பலகையின் இடது ஓரத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். ஒரு பேர்கூட விடவில்லை. நோய் வந்த பிறகு இவ்வளவு சுத்தமாக அவர் வாசித்து நான் பார்த்ததில்லை. அவர் முகம் மட்டும் சுருங்கியது.

"சே, இடது பக்கத்த விட்டுட்டேன் போல" என்று மறுபடியும் வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, எனக்க பேரு எங்க இருக்கு?"

சொல்லியிருக்கலாம். பாவி நான்.

"இடது பக்கம் நல்லாத் தேடுங்க" என்றேன்.

அவர் தலையை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிக்கொண்டு முதல் பேரிலிருந்து தொடங்கினார்.