ரேடியோத் துணியில் ஒரு மஞ்சள் கை

அது 1957ஆம் வருடம், ஆகஸ்டு மாதக் கடைசி. மறுநாள் காலையில் நாடு சுதந்திரம் பெறப்போகிறது. மலாக்கா காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் நானும் என் கணவரும் இரண்டு வயது மகளும் வாடகைக்கு இருந்தோம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது அதற்குள் அந்த வரிசை முழுக்கத் தெரிந்திருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு செட்டி அம்மா தனியாக இருந்தார். மலாக்காவில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் அவர்கள். சாமி நம் சாமி, நெற்றியில் விபூதி, பேச்சு மட்டும் மலாய். நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன். அவருக்கு ஒரே மகன். நாங்கள் குடிவருவதற்கு முன்பே, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டை நடந்த அவசர காலத்தில், தோட்டத்துக் காவலுக்குப் போன இடத்தில் சுடப்பட்டு இறந்துவிட்டான்.

மாமி யார் வீட்டுக்கும் போகமாட்டார். அவர் வீட்டுக்கும் யாரும் போகமாட்டார்கள். பாவம், அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

எங்கள் வரிசையில் ரேடியோ இருந்தது மாமி வீட்டில் மட்டும்தான். மகன் இறந்த பிறகு அது பாடியதே இல்லை. சுதந்திர அறிவிப்பு கேட்க அதை இரவல் தாருங்கள் என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. ஆனால் சுதந்திரத்துக்கு முதல் நாள் காலையில் மாமியே வேலியோரம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

“பாவாக் லா. டியா மாவ் டெங்கார்,” என்றார். ரேடியோவைக் கொண்டு போ, அந்த அறிவிப்பை அவன் கேட்க வேண்டுமென்று இருந்தான் என்று அர்த்தம்.

மகன் முதல் சம்பளத்தில் பழையதாக வாங்கிய ரேடியோ அது. முன்பக்கத்தில் சத்தம் வரும் இடத்தை மூடியிருந்த துணி கிழிந்திருந்ததாம். அம்மாவின் வெள்ளைத் துணி ஒன்றை வெட்டி, இழுத்துப் பிடித்து, அவனே பசை போட்டு ஒட்டியிருந்தான். ஓரத்தில் ஒரு மூலை கோணலாக இருந்தது. அவன் கைவேலை என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான் என்று மாமி கொடுக்கும்போது சொன்னார். என் கணவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்திருந்தார்.

துணியில் பல வருடத் தூசி படிந்து சாம்பல் நிறமாக இருந்தது. தண்ணீர் பட்டால் பசை இளகித் துணி தொய்ந்துவிடும், உள்ளே இருக்கும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் நனைந்துவிடும். அதனால் பவுடர் போடும் பஞ்சால் மேலிருந்து கீழாக, அழுத்தாமல் தட்டித் தட்டியே தூசியை எடுத்தேன். வெள்ளை திரும்பியது. மாமி பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளிக்க மஞ்சள் உரசிக் கிண்ணத்தில் வைத்திருந்தேன். நான் குளிக்கப் போன நேரத்தில் மகள் மிச்ச மஞ்சளில் கையை விட்டுவிட்டு, நேரே ரேடியோவுக்குப் போய், துணியின் நட்டநடுவில் ஒரு கையை வைத்துவிட்டாள்.

சாப்பாட்டுக்காக சைக்கிளில் வீடு வந்த என் கணவர்தான் முதலில் பார்த்தார். நான் வரும் வரை இருந்திருக்கலாம். அவருக்கு எதிலும் அவசரம். உலை கொதிக்கும் முன்பே இலை போட்டு உட்காருகிற ஆள். துணி துவைக்கிற சவுக்காரத்தை ஈரத்துணியில் தேய்த்து அந்தக் கறையின் மேல் வைத்து அழுத்தித் துடைத்துவிட்டார். சவுக்காரம் பட்டால் மஞ்சள் என்ன ஆகும் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆரத்தி கரைக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது துணியின் நடுவில் ரத்தச் சிவப்பாக ஒரு கறை விரிந்திருந்தது. அவர் மறுபடியும் தேய்க்கக் கையைக் கொண்டுபோனார்.

“ஐயோ, தொடாதீங்க! இன்னும் ஒரு தேய் தேய்ச்சா துணி கையோட வந்துடும்!”

நான் போட்ட சத்தம் வேலியைத் தாண்டிவிட்டது. என்னவோ ஏதோ என்று மாமி வாசலில் வந்து நின்றார். என் வீட்டு வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

அவர் ரேடியோவைப் பார்த்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மெதுவாக, “மாச்சாம் ஹாரி து,” என்றார். அன்றைக்குப் போலவே.

மகனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவன் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில், மார்புக்கு நேராக, இதே போல இருந்ததாம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமி அழுதார். அடக்கி அடக்கி வைத்திருந்த அழுகை அது. கேட்கவே பயமாக இருந்தது. என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இவ்வளவு நாளும் இவர் அடுத்த வீட்டில் இதை வைத்துக்கொண்டு தனியாக இருந்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

அந்தச் சிவப்பை அவர் கண் முன்னால் இன்னும் ஒரு நிமிடம்கூட விட்டுவைக்க முடியவில்லை. எலுமிச்சம்பழத்தை நறுக்கி, பஞ்சு முனையில் ஒரு சொட்டு தொட்டு, தேய்க்காமல் ஒற்றினேன். பட்ட இடத்தில் சிவப்பு போய் மஞ்சள் வந்தது. துணி நனைந்துவிடாமல் ஒவ்வொரு சொட்டாக வைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தேன். மாமி எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். சிவப்பு முழுக்கப் போனபோது மங்கலான மஞ்சளுக்குள் சின்ன விரல்களின் அச்சு தெரிந்தது.

“குன்யிட்,” என்றார் மாமி. மஞ்சள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் நிற்க இடமில்லை. மாமி முன்னால் ஒரு பாயில், என் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெர்டேக்கா, சுதந்திரம் என்ற குரல் அந்தக் கறை படிந்த துணி வழியாகத்தான் வந்தது. எல்லாரும் எழுந்து கத்தினார்கள். மாமி எழவில்லை. ரேடியோவையே பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார், யாரோ சொல்வதை ஆமோதிப்பதுபோல.

ரேடியோவைத் திருப்பிக் கொண்டுபோனபோது உண்மையைச் சொன்னேன். மிச்சக் கறையை எதைப் போட்டும் எடுக்கக் கூடாது, துணி தாங்காது. மஞ்சள் வெயிலுக்குத்தான் போகும். துணியைக் கழற்றினால் கிழிந்துவிடும், ஆகவே ரேடியோவை வெயில் விழும் இடத்தில் வைக்க வேண்டும். மாமி முன்னறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். முன்னறையில்தான் மகனைக் கிடத்தியிருந்தார்கள். காலை வெயில் வரும் ஜன்னல் அங்கேதான் இருந்தது, அன்று சாத்தியது.

கடைசியில் மாமி என் கணவரைப் பார்த்து ஜன்னலைக் காட்டினார். மரம் ஊறிப் பிடித்துக்கொண்டிருந்தது. தாழ்ப்பாளைச் சுத்தியலால் தட்டித்தான் திறந்தார். வெயில் உள்ளே வந்து தரையில் விழுந்தது. அதைப் பார்த்து மறுபடி அழுதவர்கள் மாமியும் நானும் மட்டுமல்ல, சுத்தியலோடு நின்றவரும்தான்.

மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப்போனது. கறை போகிறதா என்று பார்க்க நான் தினமும் போனேன். போன பிறகும் போனேன். என்னைப் பார்த்து வரிசையில் மற்றவர்களும் வந்தார்கள். மாமி ஒருநாளும் எங்களைத் தொந்தரவு என்று நினைக்கவில்லை. அவர் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

துக்கம் நடந்த வீட்டில் எதையும் தொடாமல், ஓரமாக நின்று திரும்பிவிடுவதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, அப்படிப்பட்ட எந்த வீட்டுக்குப் போனாலும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நேரே உள்ளே போய் உட்காருகிறேன்.