இடித்த ஆட்டோவிலேயே வக்கீலிடம்

இன்று வக்கீலைப் பார்க்கப் போனது, போன மாதம் கழக்கூட்டத்தில் என் சைக்கிளை இடித்த அதே ஆட்டோவில்தான்.

வலது கையில் மாவுக்கட்டு. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி, ஆபீஸ் எல்லாவற்றுக்கும் அதை ஓட்டிவந்த ஷாஜிதான் கூட்டிப்போகிறார். "கேஸ் கொடுங்க சேச்சி, இன்ஷூரன்ஸ்காரன் தரட்டும்" என்று சொன்னதும் அவர்தான்.

ஆரியசாலையில் இருக்கும் தன் ஆபீஸில் வக்கீல், நஷ்டஈட்டு மனுவை எனக்காகத் தமிழில் சொல்லிக்காட்டினார். ஷாஜி என் பக்கத்து நாற்காலியில்.

"ஓட்டுநர் மனித உயிரைத் துளியும் மதிக்காமல், கண்மண் தெரியாத வேகத்தில் ஓட்டிவந்து..."

எனக்கு உட்காரவே முடியவில்லை. "சார், கொஞ்சம் பதமா எழுதக் கூடாதா?"

"அப்புறம் கேஸ் நிக்காதும்மா. தப்பு இவரு பேர்ல இருந்தாத்தான் கம்பெனி தரும்."

"எழுதட்டும் சேச்சி, குழப்பமில்ல, பரவால்ல" என்றார் ஷாஜி. கொஞ்ச நேரம் கழித்து, "ஞான் ஹாரன் அடிச்சேன் சாரே. அதை மட்டும் சேர்க்கலாமா?"

வக்கீல் கூடாது என்றார். நான் இடது கையால் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும்போது ஷாஜி ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தபடி ஊர்ந்துதான் ஓட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சைக்கிளில் எங்களை முந்திப்போனார்கள்.

நாளைக் காலையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்து, வாசலில் ஹாரன் அடிப்பார். எந்த முகத்தோடு போய் ஏறுவது? யாராவது சொல்லுங்கள்.

பஸ்ஸில் போ என்று மட்டும் சொல்லாதீர்கள். கம்பியைப் பிடிக்கக் கை இல்லை.