செருகிய பின் ஓர் இழுப்பு

காலை 10.40. முதலில் கண்ணில் பட்டது, என் வீட்டு வாசலில் கழற்றி விடப்பட்டிருந்த ஒரு ஜோடி ஸேஃப்டி ஷூ. அதற்குரிய பெண் ஹாலில், நான் வாங்கிய ஹோம் தியேட்டரின் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். வயது இருபத்தைந்து இருக்கலாம். தூத்துக்குடிப் பக்கம். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் தொகுப்பு செய்யும் ஆலையில் மூன்று வருடம் லைனில் நின்றவர். ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வாலாஜாபாத்தில் ஆடியோ கடை வைத்திருப்பவர் அவரை அழைத்து வந்திருந்தார்.

"டிரையல்தான் சார்," என்றார் கடைக்காரர், அந்தப் பெண்ணின் காதில் விழும்படியே. "இன்னிக்கு ஒழுங்கா பண்ணா வேலை. இல்லாங்காட்டி ஊருக்கு பஸ் ஏறவேண்டியதுதான்."

பென்னலூரில் அந்தப் பெண் தங்கியிருந்த விடுதியில், வேலை இல்லாதவர்களை மாதக் கடைசிக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. இதைத் தண்ணீர் வாங்கிக் குடித்தபோது என்னிடம் சொன்னார்.

டிவி பெட்டியிலிருந்தும் டிஸ்க் பிளேயரிலிருந்தும் வயர்கள், சத்தத்தைப் பிரித்து அனுப்பும் பிராசசருக்குப் போக வேண்டும். பிராசசரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு. அங்கிருந்து ஐந்து ஸ்பீக்கர்களுக்கு. நடு ஸ்பீக்கரின் வயரைக் கடைக்காரரே மாட்டிக் காட்டினார். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன் இருந்தது, பேசிக்கொண்டே மாட்டினார். மீதியை அந்தப் பெண்ணிடம் விட்டார்.

அவர் ஒவ்வொரு வயரையும் செருகியதும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். டிஸ்க் பிளேயரின் வயர் கையோடு வந்துவிட்டது.

"இன்னாமா, மாட்டிக்கினு கீறியா, உருவிக்கினு கீறியா?"

"எங்க லைன்ல அப்படித்தாண்ணே சொல்லிக் குடுத்தாவ. இழுத்துப் பாக்காம அடுத்த ஆளுக்கு விடக்கூடாது."

"இது காரு இல்ல. இன்னொரு வாட்டி இழுத்தே, அப்படியே கெளம்பு."

அதற்குப் பிறகு அவர் இழுக்கவில்லை. செருகியதும் விரல்கள் வயரைப் பற்றும், பிறகு விட்டுவிடும்.

12.05க்கு எல்லாம் முடிந்தது. கடைக்காரர் ஆம்ப்ளிஃபயரின் ஸ்விட்சில் விரலை வைத்தார்.

"போடட்டா சார்?"

"அண்ணே, ஒரு நிமிசம்."

"இன்னாத்துக்கு?"

அந்தப் பெண் அலமாரிக்குப் பின்னால் போய் மண்டியிட்டார். ஆம்ப்ளிஃபயரின் முதுகில், ஸ்பீக்கருக்கு இரண்டு வீதம் பத்து வயர் முனைகள். இடது கோடியிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்தார். கடைக்காரரின் விரல் ஸ்விட்சிலேயே இருந்தது. முகம் சிவந்திருந்தது. நான் எண்ணினேன். நான்கு முனைகள் அசையவில்லை. ஐந்தாவது கையோடு வந்தது. நடு ஸ்பீக்கருடையது. முறுக்காமல் விட்டிருந்த செம்பு இழைகள் விரிந்து கிடந்தன. அவற்றில் ஒன்று பக்கத்துச் சிவப்பு முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்விட்சைப் போட்டிருந்தால் ஆம்ப்ளிஃபயர் போயிருக்கும்.

அதை மாட்டியது யார் என்று மூன்று பேருக்கும் தெரியும். அந்தப் பெண் இழைகளை முறுக்கினார், செருகினார், திருகினார், இழுத்தார். மிச்சம் ஐந்தையும் இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இப்ப போடுங்கண்ணே."

நடு ஸ்பீக்கரிலிருந்து செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாக வந்தது. கடைக்காரர் ரிமோட்டை எனக்கு விளக்கினார். அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவில்லை.

படியிறங்கும்போது அந்தப் பெண் அவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டும்ணே?"

"போன் பண்றேம்மா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்பீக்கர்களின் சத்த அளவைச் சரிசெய்யக் கடைக்காரர் வந்தார். அவருடன் வந்தவர் வேறொரு ஆள்.