கைமாற்றிவிட்ட பச்சைக் கப்பல்

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு கப்பல்களைப் பற்றிக் கவலைப்படுகிறவன் நான் ஒருவன்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இரண்டாவது ஆளை நானே உண்டாக்கினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆடுகோடியில் எனக்கு ஒரு குஷன் கடை. கார், ஆட்டோ, வேன் சீட்டுகளுக்கு ரெக்சின் தைக்கிற வேலை. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தவன் நான். எதற்கும் பயப்படுகிற சுபாவம். கடையைப் பூட்டிக்கொண்டு ஆஸ்டின் டவுன் வீட்டுக்குப் போகிற வழியில், பூட்டினோமா இல்லையா என்று பாதியில் திரும்பி வந்ததெல்லாம் உண்டு.

இப்படிப்பட்டவனுக்குக் கப்பல் மேல் எப்படி ஆசை வந்தது? பயத்தினால்தான் வந்தது. மொபைலில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது, கப்பலின் வயிற்றுப் பக்கத்தில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் வரைந்திருக்கிற படம் வந்தது. அந்தக் கோடு தண்ணீருக்குள் போகும்படி சரக்கு ஏற்றக்கூடாதாம். அந்தக் காலத்து முதலாளிகள் ஓட்டைக் கப்பல்களில் அளவில்லாமல் ஏற்றி அனுப்புவார்கள், கப்பலும் ஆட்களும் முழுகிப்போவார்கள், இன்ஷூரன்ஸ் பணம் மட்டும் பத்திரமாகக் கரை சேரும். இங்கிலாந்துப் பார்லிமெண்டில் ஒரு மனிதர் கத்திக் கூச்சல் போட்ட பிறகுதான் அந்தக் கோட்டுக்கு ஒழுங்கான சட்டம் வந்தது என்று வீடியோவில் ஒருவர் தமிழில் சொன்னார். எனக்கு முன்னாலேயே ஒருத்தர் கவலைப்பட்டிருக்கிறார். அந்தக் கவலையை உலகத்துக் கப்பல்கள் மேலெல்லாம் பெயிண்டால் எழுதியும் வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் லைஃப்போட், கலங்கரை விளக்கம், வயர்லெஸ் என்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பின்னால் முழுகின கப்பல் ஏதாவது ஒன்று இருந்தது.

வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.

“கடலே இல்லாத ஊர்ல இருந்துகிட்டு, சோறு திங்கிற நேரத்துல கப்பல் முழுகுற கதையா?” என்றாள் மனைவி.

அந்தச் சமயத்தில்தான் பாய் தன் வேனுக்கு சீட் மாற்ற வந்தார். பிரேசர் டவுன்காரர், ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம் வரைக்கும் அவருக்கு வேலை கிடையாது. நான் தைத்துக்கொண்டே அந்தக் கோட்டின் கதையைச் சொன்னேன்.

“க்யா மாஸ்டர், சீட்டு தைக்க வந்தவனைக் கப்பல்ல ஏத்துறீங்க!” என்று சிரித்தார். ஆனால் சீட் முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

உலகத்தில் எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று காட்டுகிற ஆப் ஒன்றை அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். கடல் முழுக்கச் சின்னச் சின்ன அம்புக்குறிகள் நகரும். ஆளுக்கொரு கப்பலைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே பின்தொடர்வது என்று ஒரு பழக்கம் வந்தது. நான் எடுத்தது பச்சை வண்ணச் சரக்குக் கப்பல். கோதுமை, உரம், நிலக்கரி என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகும். மேலே நாலு மஞ்சள் கிரேன்கள் வரிசையாக நிற்கும். எந்தெந்த ஊரிலோ யார் யாரோ எடுத்துப் போட்டிருந்த அதன் படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கிரேனின் கழுத்துப் பக்கம் பெயிண்ட் உதிர்ந்திருப்பது வரை தெரியும். பாய் எடுத்தது பெரிய கன்டெய்னர் கப்பல். அவருக்கு உருவம், நிறம் எதுவும் முக்கியமில்லை. என்ன ஸ்பீடு, எந்த ரூட்டு, அவ்வளவுதான்.

உள்ளே வரும்போதே கேட்பார். “நம்ம வண்டிங்க எங்க இருக்கு மாஸ்டர்?”

பிறகு செங்கடலில் கப்பல்களைத் தாக்குகிறார்கள் என்று செய்தி வர ஆரம்பித்தது. என் பச்சைக் கப்பல் சூயஸ் கால்வாயைத் தாண்டி நேராக அதே பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. தையல் கோணலாகப் போயிற்று. பிரித்துத் தைத்தேன், அதுவும் கோணல். அன்றைக்கு பாய் வந்ததும் கேட்டேவிட்டேன்.

“பாய், மாத்திக்கலாமா?”

“என்னாத்த?”

“கப்பலை. உங்களோடது எனக்கு, என்னோடது உங்களுக்கு.”

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அது முழுகினா உங்க ரெக்சினா நனையப்போவுது? சரி, குடுங்க. ஸ்டீரிங்கை நான் புடிக்கிறேன், நீங்க பின்சீட்டுல கண்ணை மூடிட்டு உக்காருங்க.”

மறுநாள் அம்புக்குறியைக் காணோம். அந்தப் பக்கம் போகிற சில கப்பல்கள் பயத்தில் தாங்களே சிக்னலை அணைத்துவிடுமாம். நான் ஆப்பை மூடி மூடித் திறந்து பார்த்தேன். பாய் பப்ஸ் தின்றுகொண்டிருந்தார். சில நாள் கழித்து அரபிக்கடலில் அம்புக்குறி மறுபடி முளைத்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் பாய் பக்கத்து பேக்கரிக்காரரிடம் சத்தமாகச் சொல்வது காதில் விழுந்தது.

“குண்டு போடுற ஏரியாவையே தாண்டிடுச்சி நம்ம வண்டி! நான் ஒரு நாள்கூட பயப்படலையே!”

எனக்கு வயிறு எரிந்தது. பயப்பட்டதெல்லாம் நான். பேர் மட்டும் அவருக்கு.

என் பங்குக்கு வந்த கன்டெய்னர் கப்பல் மேல் எனக்கு ஒட்டுதல் வரவே இல்லை. பாய் இல்லாத நேரத்தில் பச்சைக் கப்பலைத்தான் தேடிப் பார்ப்பேன். அவர் வருகிற சத்தம் கேட்டால் ஆப்பை மூடிவிடுவேன். என் கப்பலை நானே திருட்டுத்தனமாகப் பார்க்கிற நிலைமை.

அது மேற்கே போயிற்று, தெற்கே போயிற்று, பல துறைமுகங்களைச் சுற்றிற்று. ஒரு நாள் பாய் வேனை நிறுத்தாமலே கத்தினார்.

“மாஸ்டர்! நம்ம வண்டி மெட்ராஸுக்கு வருது!”

ஆப்பில் பார்த்தேன். உண்மைதான். அடுத்து சேருமிடம், சென்னை. இத்தனை நாள் படத்தில் மட்டும் பார்த்த கப்பல், ரயில் ஏறினால் எட்டுகிற தூரத்துக்கு வருகிறது. ஆனால் அவருடைய கப்பலாக வருகிறது.

ஸ்கூல் லீவு. திருவல்லிக்கேணியில் அவருடைய மாமியார் வீடு. குடும்பத்தோடு வேனிலேயே கிளம்புகிறார். “நீங்களும் வாங்க மாஸ்டர். நீங்க தச்ச சீட்டுதான், சாஞ்சிகிட்டு வரலாம்.”

வருகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அங்கே கடற்கரையில் நின்று, அவர் விரலை நீட்டி எனக்கு அந்தக் கப்பலைக் காட்டுவார். நான் தலையாட்ட வேண்டும். அதை நினைத்துப் பார்த்தேன்.

“அர்ஜெண்டா ரெண்டு கார் வேலை இருக்கு பாய். நீங்க போய்ட்டு வாங்க” என்றேன். எந்தக் காரும் இல்லை.

அன்றைக்கு வீட்டில் மனைவி கேட்டாள். “போறதுதானே? எத்தினி நாளா அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க.”

“அது அவரோட கப்பல்.”

“நீங்க ரெண்டு பேரும் பூமியில இருக்குறதே அந்தக் கப்பலுக்குத் தெரியாது. அதுல அவருது என்ன, உங்களுது என்ன?”

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சும்மா கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடியோ காலில் பாய். பின்னால் மெரினா, ஒரே இரைச்சல், காற்று.

“மாஸ்டர், தெரியுதா? தோ நிக்கிது பாருங்க, நம்ம வண்டி! உள்ள போறதுக்கு லைன்ல நிக்கிது!”

மொபைலைத் திருப்பிக் கடலைக் காட்டினார். பெரிதாக்கினார். கறுப்பாக, நீளமாக ஒரு கப்பல். மேல்தளம் மொட்டையாக இருந்தது. பின்பக்கம் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டடம்.

அது எண்ணெய்க் கப்பல். கிரேன் வரிசை எங்கே? பச்சை எங்கே? கிட்டத்தில் நின்ற கப்பலைப் பார்த்து இதுதான் என்று முடிவு செய்துவிட்டார் மனிதர்.

அது இல்லை பாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. நாக்கில் வெல்லக்கட்டி போட்ட மாதிரி இருந்தது. அவர் பார்க்கவில்லை, இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று உள்ளே ஒரு குரல் குதித்தது. குதித்த கையோடு இன்னொரு எண்ணமும் வந்தது. அது அங்கேதானே எங்கேயோ நிற்கிறது? ஆப்பைப் பார்த்தால் வடக்கே தள்ளிக் காட்டியது. அப்படியென்றால் அவருக்கு இடது பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய பெண்ணின் குரல் வந்துகொண்டிருந்தது.

“பாப்பா எங்க பாய்? சத்தம் மட்டும் கேக்குதே, காட்டுங்க.”

“இதோ, சுண்டல் தின்னுது. பாப்பா, மாஸ்டர் மாமாவுக்கு சலாம் சொல்லு.”

மொபைல் இடது பக்கம் திரும்பியது. குழந்தையின் முகம் பாதித் திரையை அடைத்துக்கொண்டது.

“நின்னுகிட்டுத் தின்னக்கூடாது செல்லம். உக்காந்து சாப்பிடு.”

குழந்தை மணலில் உட்கார்ந்தது. அவள் தலைக்கு மேலே கடல். புகை மாதிரி மங்கலில், அடிவானத்தை ஒட்டி, நாலு குச்சிகள் வரிசையாக நின்றன. பச்சையும் தெரியவில்லை, மஞ்சளும் தெரியவில்லை. எல்லாம் சாம்பல் நிறம். ஆனால் அதுதான். சரக்கு நிறைய இருந்திருக்க வேண்டும், தாழ்ந்து நின்றது. கோடு வெளியே தெரிகிற அளவுக்காவது இருக்குமா என்று அந்த நேரத்திலும் ஒரு பயம் வந்தது.

“எந்த க்ளாஸ் பாப்பா இப்போ? டீச்சர் நல்லவங்களா? யார்கூட விளையாடுவே?”

கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவள் சுண்டலை மென்றுகொண்டே பதில் சொன்னாள். ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

“என்னா மாஸ்டர், பாப்பா மேல இன்னைக்கு இம்புட்டு பாசம்? கப்பலைப் பாருங்க சாமி!” என்று பாய் மொபைலைப் பிடுங்குகிற வேகத்தில் திருப்பினார். மறுபடி அந்த மொட்டைக் கப்பல்.

“சூப்பரா இருக்கு பாய்” என்றேன்.

லீவு முடிந்து திரும்பி வந்தவர் என் கடைக்குள் வரவில்லை. வெளியில் வேனை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். கையில் சுருட்டின காகிதம். பிரித்தார். மெரினாவில் எடுத்த படத்தை ஜே.சி. ரோட்டு ஸ்டிக்கர் கடையில் கொடுத்துப் பெரிய ஸ்டிக்கராகப் போட்டு வாங்கியிருந்தார். அதே எண்ணெய்க் கப்பல், கீழே அலை, மேலே மேகம்.

“பின்கண்ணாடியில ஒட்டணும். உங்க கைதான் சுத்தமான கை, வாங்க.”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஸ்டிக்கர் வீண். அதோடு, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். எல்லாவற்றையும் விட, சொல்லிவிட்டால் உண்மையான கப்பல் எது என்று காட்ட வேண்டியிருக்கும். அதற்குத்தான் மனசு வரவில்லை.

ஒரு பக்கம் அவர் பிடித்துக்கொண்டார். நான் பழைய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துத் தேய்த்துக் காற்றுக் குமிழ்களை வெளியே தள்ளினேன். பேக்கரிக்காரர் வெளியே வந்து நின்று பார்த்தார்.

“பாய் நேர்ல பாத்த கப்பலு” என்று அவரிடம் நானே சொன்னேன்.

பாய்க்கு முகமெல்லாம் பல். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“நேரா இருக்கா மாஸ்டர்?”

“நேரா இருக்கு பாய்” என்றேன்.