கெசாயாவின் குந்தாலி

தங்கம் தோண்ட ஈமுப்பாறைக்குப் போனவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. குழிக்குள் பாறை கொத்தும் குந்தாலி கிடந்தால் அந்தக் குழிக்கு ஆள் உண்டு. கிடக்கவில்லையா, எவன் வேண்டுமானாலும் நாலு மூலையிலும் முளை அடித்துத் தனதாக்கிக்கொள்ளலாம். குழிக்காரன் செத்துக்கொண்டிருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

கெசாயாவின் புருஷன் டிகரி நிஜமாகவே செத்துக்கொண்டிருந்தான். குடற்காய்ச்சல். ஏழு மாதம் இருவரும் பாறையோடு மல்லுக்கட்டிய குழி அது. அதை விட்டால் அவளுக்கு மிச்சம் ஒரு கூடாரத்துணிதான். அதனால் பகலெல்லாம் தோண்டினாள். நடுநடுவே ஓடிப்போய் அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். ஞாயிறு காலை அவன் போய்ச் சேர்ந்தான்.

அந்த வெயிலில் பிணம் சாயங்காலம் வரை தாங்காது. பக்கத்துக் குழிக்கார ஹாஸ்கிங்கிடம் ஓடினாள். அந்த ஏழு மாதமும் அவள் சுட்ட ரொட்டியைத் தின்று கொழுத்த உடம்பு அவனுடையது.

"அண்ணே, உங்க குந்தாலியக் குடுங்க. அவருக்குக் குழி வெட்டணும்."

"என்னது மழுங்கிக் கெடக்கும்மா. உன்னதையே எடுத்துட்டுப் போ. சாவு வீட்ல எவன் வந்து கேக்கப்போறான்?"

நம்பினாள். புதைத்துவிட்டு வந்து பார்த்தால் நாலு மூலையிலும் புது முளை. நடுவில் ஹாஸ்கிங்கின் குந்தாலி, கூர் மின்னக் கிடந்தது.

தகரத்தட்டைத் தட்டி ஊரைக் கூட்டினாள்.

"புருஷனப் புதைக்கத்தானய்யா எடுத்துட்டுப் போனேன்! இவருதான் எடுத்துக்கச் சொன்னாரு!"

"நான் சொன்னா? உன் புத்தி எங்க போச்சு?" என்றான் ஹாஸ்கிங். "அடுத்த புருஷனுக்காவது இரவல் வாங்கி வெட்டு தாயி."

சிரித்தார்கள். சிரித்த வாயோடு அவன் பக்கம் கை தூக்கினார்கள். மூன்றே வாரத்தில், அவள் விட்ட இடத்துக்கு இரண்டடி கீழே முஷ்டி அளவு தங்கம் எடுத்தான் அவன்.

கெசாயா ஊரை விட்டுப் போகவில்லை. சட்டை துவைத்துப் பிழைத்தாள், அவன் சட்டையையும் சேர்த்து. கூடாரத்தின் பின்னால் இடுப்பளவு ஒரு குழி வெட்டிக் குந்தாலியை அதில் போட்டாள்.

"எதுக்கு இது?" என்று கேட்டவர்களுக்கு, "கெடக்கட்டும்" என்றாள்.

பதினோரு வருஷம் போனது. தங்கம் தீர்ந்தது, ஊர் காலியானது. இருந்ததையெல்லாம் குடித்தே அழித்த ஹாஸ்கிங், அதே காய்ச்சலில், அங்கே கோடையான ஜனவரியில் ஒரு மத்தியானம் செத்தான். மிஞ்சியிருந்த கிழவர்கள் இருவர் அவளிடம் வந்தார்கள்.

"கெசாயா, ஊர்ல மிஞ்சியிருக்கற குந்தாலி உன்னது ஒண்ணுதான். குடும்மா, பிணம் நாறுது."

"அது குழியில கெடக்கு."

"தெரியும். எடுத்துக்குடு."

"எடுத்தா குழி போயிரும். நீங்க ரெண்டு பேரும் கை தூக்கிச் சொன்னதுதானே?"

கெஞ்சினார்கள். அவள் மாவு பிசைந்துகொண்டே இருந்தாள். பாறைத் தரையை மண்வெட்டியால் முழங்கால் ஆழம் சுரண்டி அவனை மூடினார்கள்.

மூன்றாம் நாள் காலை, காட்டுநாய்கள் இழுத்துப் போட்ட அவன் சட்டை முள்செடியில் தொங்கியது. அவள் துவைத்த சட்டைதான். அவள் அந்தப் பக்கம் போகவில்லை.