டேப்பு அக்கா பார்க்காத தொடர்

டேப்பு அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததில் மர்மம் ஒன்றும் இல்லை. துணி அளக்கும் டேப்பு எந்நேரமும் அவள் கழுத்தில் தொங்கும். காய்கறி வாங்கப் போனாலும் தொங்கும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தொங்கும். கணவர் இறந்த அன்றைக்குக்கூட அது கழுத்தில்தான் கிடந்தது. துக்கம் கேட்க வந்த ஒருத்தி ஜாடை காட்டிய பிறகுதான் கழற்றினாள். அடுத்த தெருவில் அவளும் அவள் சிநேகிதியும் சேர்ந்து தையல் கடை நடத்தினார்கள். அக்கா வெட்டுவாள், தைப்பாள். சிநேகிதி சட்டைகளில் காஜா என்கிற பட்டன் துளை போட்டுப் பட்டன் வைப்பாள்; அதனால் தெருவுக்கு அவள் பெயரே காஜா. அந்தக் கடையில் மிஷின் ஓய்ந்தாலும் பேச்சு ஓயாது.

அந்தக் கடை வாசல்படியில்தான் அக்கா வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மகள் அலறியடித்துக்கொண்டு வந்தாள். ஒரே மகள், வேறு ஊரில் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உயரமான கட்டிடத்தில் தனியாக ஒரு ஃபிளாட்டில் இருப்பவள். வந்தவள் அழவில்லை, திட்டவில்லை. டேப்பை அம்மா கழுத்திலிருந்து உருவி அலமாரியில் போட்டுப் பூட்டினாள். மறுநாள் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி வந்து இறங்கியது.

"இனிமே கடை கிடையாது, மிஷின் கிடையாது. உக்காந்து படம் பாரு, சீரியல் பாரு. உன்னை நான் பாத்துக்கறேன்" என்றாள் மகள்.

"கை சரியானதும் போறேனே?"

"இன்னொரு தடவை விழுந்தேன்னு காதுல விழுந்தது, இந்த வீட்டைக் காலி பண்ணிட்டு உன்னை என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். சொல்லிட்டேன்."

அந்த ஃபிளாட்டை அக்கா ஒருமுறை பார்த்திருக்கிறாள். மகள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், மனிதக் குரல் வராது. லிஃப்ட்டில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல், இரண்டு நாளும் அவள் கீழேயே இறங்கவில்லை. அதற்கு இதுவே மேல் என்று வாயை மூடிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. வாழ்நாள் முழுக்கக் குனிந்தே இருந்த கழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தது. எந்தெந்த நாட்டுப் படமோ தமிழில் பேசியது. கதாநாயகனின் தங்கை செத்துப்போகிற இடத்தில் திரையில் எல்லோரும் அழுதால், அக்கா அவன் கோட்டைப் பார்ப்பாள். சாயங்காலம் மகள் போன் செய்ததும் அதைத்தான் சொல்வாள்.

"கதை கிடக்குது விடு. அவன் கோட்டுக் காலரைப் பாத்தியா? இடது பக்கம் ஒரு நூல் ஏறிப்போயிருக்கு. இவ்வளவு பெரிய படம் எடுக்கறவங்களுக்கு ஒழுங்கா தைக்கிற ஒரு ஆள் கிடைக்கல பாரு."

மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "தலையெழுத்தும்மா. மத்தவங்க முகத்தைப் பாப்பாங்க, நீ தையலைப் பாக்குற."

மாவுக்கட்டைப் பிரித்தார்கள், கை தேறிவிட்டது. சுகம் அப்போதுதான் கசக்கத் தொடங்கியது. காலையில் எழுந்தால் டிவி. சாப்பிட்டால் டிவி. போகிற வருகிறவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "உனக்கென்னக்கா, ராணி வாழ்க்கை" என்று பெருமூச்சு விடுவார்கள். இந்த ராணிக்குத் தன் வீட்டு வாசலைத் தாண்ட அனுமதி இல்லை என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? அடுத்த தெருவில் பள்ளிக்கூடச் சீருடைகள் மலையாகக் குவிந்து காஜா ஒற்றை ஆளாக முழி பிதுங்கிக்கொண்டிருந்தாள். இவளோ யாரோ ஒருத்தியின் கல்யாணம் நின்றுபோனதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒருநாள் வெறுத்துப்போய் டிவியை அணைத்துவிட்டுச் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் வழக்கத்துக்கு முன்பே போன் வந்தது.

"ஏம்மா, இன்னிக்கு ஒண்ணுமே பாக்கல? உடம்புக்கு என்ன?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படிடி தெரியும்?"

"படம் பாக்குற அந்த ஆப்புல ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குதானேம்மா. நீ என்ன பாத்த, எவ்வளவு பாத்த, எல்லாம் என் போன்ல தெரியும். நீ பாத்துக்கிட்டு இருந்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம். தினமும் அதைப் பாத்துட்டுத்தான் எனக்கு வேலையே ஓடும்."

அன்பாகத்தான் சொன்னாள். கேட்டவளுக்கு அது கதவைத் தாழிடும் சத்தம். டிவியை அவள் பார்க்க, அவளை மகள் பார்க்க, நடுவில் மூச்சு விட இடம் இல்லை. அக்காவுக்கு அழுகை வந்தது. அடுத்து கோபம் வந்தது. கோபத்தில் ஒரு யோசனையும் வந்தது.

மறுநாள் மதியம் நீளமான ஒரு தொடரைப் போட்டுவிட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு நழுவினாள். பள்ளிக்கூடத்தை ஏமாற்றிவிட்டு ஓடும் பிள்ளைக்குக்கூட இத்தனை படபடப்பு இருக்காது. காஜா அவளைப் பார்த்ததும் கையில் இருந்த சட்டையைப் போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டாள். ஒரு பாவாடை முழுவதும் தைத்து முடித்தபோது, ஊசி ஏறி இறங்கும் அந்தச் சத்தத்தில் அக்காவுக்கு உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்தால் டிவி உறைந்து நின்றது. திரையில் ஒரு கேள்வி: "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" ஆமாம் என்று யாராவது பொத்தானை அமுக்கும்வரை அது நகராதாம். போனிலும் அதே கேள்வி காத்திருந்தது. "என்னம்மா, பாதியில நிறுத்திட்ட?" தூங்கிவிட்டேன் என்று சமாளித்தாள்.

இப்படியே சில நாள், தைத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து வீட்டுக்கு ஓடுவதும், பொத்தானை அமுக்கிவிட்டுத் திரும்ப ஓடுவதுமாக நாய்படாத பாடு பட்டாள். ஒருநாள் அதே கடைப்படியில் கால் இடறியது. தூணைப் பிடித்துத் தப்பித்தாள்.

"விழுந்து தொலைச்சேன்னா உன் பொண்ணு என்னையும் சேத்துக் கொன்னுடுவா. பொத்தான் அமுக்க ஒரு ஆளைப் பிடி" என்றாள் காஜா.

ஆள் மாடியிலேயே இருந்தாள். மேல்வீட்டம்மாவின் கணவர் ஓய்வு பெற்றதிலிருந்து அவர்கள் வீட்டு டிவியில் கிரிக்கெட்டும் செய்தியும் தவிர எதற்கும் இடமில்லை. ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிற மனிதர். அக்கா சாவியை நீட்டியதும் அந்தம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"நடுவுல வந்து பொத்தானை மட்டும் அமுக்கினாப் போதும்" என்றாள் அக்கா.

"அதுக்கென்னக்கா, உக்காந்தே அமுக்குறேன்."

உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மலைமேல் ஒரு விடுதியைச் சேர்ந்து நடத்தும் இரண்டு சகோதரிகளின் கதை ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது. தினமும் மதியம் கீழே இறங்கி வருவாள், காலை நீட்டிக்கொண்டு சாய்வாள், சாயங்காலம் அக்கா வந்ததும் ஒன்றுவிடாமல் கதை சொல்லிவிட்டு மேலே போவாள். அதைக் கேட்டு அக்கா மகளிடம் ஒப்பிப்பாள். திட்டம் போட்ட மாதிரி எல்லாம் நடந்தது. அக்கா உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள்.

இதில் அவள் எதிர்பார்க்காதது ஒன்றுதான். மகளும் அதே தொடரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"நீ எது வரைக்கும் பாத்திருக்கியோ அது வரைக்கும் நானும் பாத்துட்டுத்தாம்மா சாப்பிடறேன். அக்காக்காரி தங்கச்சிக்கு வந்த சேதியை மறைச்சது சரியா, சொல்லு?"

"தப்புத்தான். ஆனா அவ நிலைமையில வேற என்ன செய்வா?" மேல்வீட்டம்மா சொன்னதை அப்படியே சொன்னாள் அக்கா.

"ஆமால்ல? நானும் அதைத்தான் நினைச்சேன்!"

இரண்டு நிமிடத்தில் முடியும் போன், இப்போது காது சூடாகும்வரை நீண்டது. அலுவலகத்தில் யாரோடும் இவ்வளவு பேசுவதில்லை என்று மகள் ஒருநாள் போகிறபோக்கில் சொன்னாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் மதியம் செருப்பை மாட்டிக்கொண்டுதான் கிளம்பினாள். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் மிஷின். எந்தப் பக்கம் திரும்பினாலும் மறுபக்கம் இழுத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மகளின் குரல் மாறியிருந்தது.

"அம்மா, நாளைக்கு நான் வரேன். துணிமணியெல்லாம் எடுத்து வை. என்கூட வந்துடு."

"எதுக்குடி? நான்தான் விழவே இல்லையே!"

"மறைக்காதே. உனக்குக் கண்ணு சரியாத் தெரியல. அப்படி இல்லைன்னா ஞாபகத்துல ஏதோ கோளாறு. நானும் கொஞ்ச நாளாக் கவனிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"கண்ணா? எனக்கா? ஊசியில நூல் கோக்குறேன்டி இன்னும்!" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்லவேளை, மகள் அதைக் காதில் வாங்கவில்லை.

"கதையை மட்டும் மடமடன்னு சொல்ற. முன்னெல்லாம் நீ கதையே சொன்னதில்ல. சட்டைக் கை தொங்குது, மடிப்பு கோணல், பட்டன் ஒத்து வரலன்னு உயிரை வாங்குவ. அந்தத் தங்கச்சிக்காரி போட்டிருக்கற நீலக் கவுனுக்குத் தோள்பட்டை ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. எனக்கே தெரியுது! அம்மா இன்னிக்கு இதைச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஒரு தையல் பத்திக்கூட நீ வாயைத் திறக்கல. டாக்டர்கிட்ட நேரமும் வாங்கிட்டேன்."

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேல்வீட்டம்மா ஒரு வசனம் விடாமல் சொல்லியிருந்தாள். தோள்பட்டையை அவள் எங்கே கண்டாள்? பொய்யை இழுத்துப் பிடித்தால் நாளை அந்தக் கூண்டுக்குப் போக வேண்டும். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்க நேரமில்லை. அப்போது அவளுக்குத் தெரிந்த ஒரே பயம் அந்த ஃபிளாட்தான்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு, கண்ணு" என்றாள். "நான் அதைப் பாக்கவே இல்ல."

"என்னது?"

கொட்டிவிட்டாள். கடை, சீருடை, பொத்தான், மேல்வீட்டம்மா, எல்லாவற்றையும். கை வலிக்கவே இல்லை என்றும், டிவி முன்னால் உட்கார்ந்தால்தான் பைத்தியம் பிடிக்கிறது என்றும், தயவுசெய்து கூட்டிக்கொண்டு போய் அடைத்துவிடாதே என்றும் கெஞ்சினாள். திட்டு விழும் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

திட்டு விழவில்லை.

"அப்போ நான் இத்தனை நாளா யார்கூடம்மா பாத்துக்கிட்டு இருந்தேன்?"

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்தா ஆளில்ல. அந்தத் தொடரைப் போட்டா நீ பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். இந்த இடத்துல அம்மா சிரிச்சிருப்பா, இந்த இடத்துல திட்டியிருப்பான்னு நினைச்சுக்கிட்டே பாப்பேன். யாரோ மாடி வீட்டுக்காரம்மா..." பேச்சை முடிக்காமல் மூக்கை உறிஞ்சினாள். "சரி. நீ கடைக்குப் போ. இனிமே நான் எதுவும் கேக்கல."

போன் அணைந்தது. இத்தனை மாதம் அக்கா ஏங்கியது கைக்கு வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. முடியவில்லை. உள்ளே ஏதோ அறுந்துபோனது போல வலித்தது.

சனிக்கிழமை மகள் வரவில்லை. போனும் வரவில்லை. அக்கா கூப்பிட்டால், வேலையில் இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா அந்த விடுதிக் கதையை முதலிலிருந்து தானே உட்கார்ந்து பார்த்தாள். நீலக் கவுனின் தோள்பட்டை மகள் சொன்னபடியே கோணலாகத்தான் இருந்தது. சொல்ல ஆள் இல்லை. மேல்வீட்டம்மாவைக் கூப்பிட்டு, மகள் எவ்வளவு பார்த்திருக்கிறாள் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டாள். அந்தம்மா காட்டிக்கொடுத்தாள். டிவியில் மகளின் பெயர் போட்ட பக்கத்தில், அந்தத் தொடருக்குக் கீழே, பார்த்த அளவைக் காட்டும் ஒரு சிவப்புக் கோடு ஓடி, பாதியில் நின்றிருந்தது. காலையில் பார்த்தபோதும் அது அங்கேயே நின்றது.

திங்கட்கிழமை பட்டப்பகலில், யாருக்கும் ஒளியாமல், அக்கா கடைக்குப் போனாள். காஜா வாசலுக்கே ஓடி வந்தாள்.

"என்னடி இவ்வளவு சாவகாசமா வர்ற! உன் பொண்ணு விட்டுட்டாளா?"

"விட்டுட்டா" என்றாள் அக்கா.

காஜா கைதட்டிச் சிரித்தாள். அக்கா மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். துணி ஊசிக்கு அடியில் இருந்தது, கால்கள் மிதிபலகையில் இருந்தன, அவள் மிதிக்கவில்லை.